சொந்த வடிவமைப்பில் ஒரு கம்ப்யூட்டர் கேஸ்: வரைவது முதல் பட்டறையில் செய்து வாங்குவது வரை

நான் முதன்முதலில் செய்யக் கொடுத்த கேஸின் பின்பக்கத் தகடு கைக்கு வந்தபோது அளவெல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. துளைகள் சுத்தம், மடிப்பு நேர், ஓரத்தில் பிசிறு இல்லை. மதர்போர்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். யூஎஸ்பி போர்ட்டுகள் வர வேண்டிய பக்கத்தில் கிராஃபிக்ஸ் கார்டுக்கான திறப்பு இருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தகடு முழுவதும் இடவலம் மாறியிருந்தது.

நான் வரைந்தது கேஸின் உள்ளிருந்து பார்க்கும் தோற்றம். பட்டறையில் அதை வெளியிலிருந்து பார்க்கும் தோற்றமாக எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் மடித்துவிட்டார்கள். எது வெளிப்பக்கம் என்று வரைபடத்தில் நான் எங்கேயும் எழுதவில்லை. லேசரில் வெட்டிய தட்டைத் தகட்டைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ஒன்றுதான். எந்தப் பக்கம் மடிக்கிறோம் என்பதில்தான் அது வலது கையா இடது கையா என்பது முடிவாகிறது.

அதன் பிறகு செய்த ஒவ்வொரு கேஸிலும் நான் கடைப்பிடிப்பது இதுதான்: பட்டறையில் எழக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் வரைபடத்திலேயே பதில் இருக்க வேண்டும். பட்டறைக்காரருக்கு மதர்போர்டு என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்குத் தகடு தெரியும், மெஷின் தெரியும். மீதியைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

முதலில் பாகங்கள், பிறகுதான் வடிவம்

அழகான ஒரு பெட்டியை வரைந்துவிட்டு அதற்குள் பாகங்களைத் திணிக்கப் பார்ப்பவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்த மதர்போர்டு, எந்தப் பவர் சப்ளை, எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்த கூலர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முடிந்தால் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே வரையத் தொடங்குங்கள். தயாரிப்பாளர் தரும் அளவைப் படித்தாலும், வெர்னியர் காலிப்பரால் ஒருமுறை நீங்களே அளந்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் நீளம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பின்பக்க இரும்புப் பட்டையையும் சேர்த்தா, சேர்க்காமலா என்பது அளந்தால்தான் தெரியும்.

பாகத்தின் அளவைவிட அதிகம் ஏமாற்றுவது கேபிள். பவர் சப்ளையிலிருந்து வெளியே வரும் தடித்த கட்டு உடனே வளையாது. அந்தப் பக்கத்தில் குறைந்தது 30 முதல் 40 மிமீ வரை காலியிடம் விடுங்கள். புதிய 16 பின் பவர் கனெக்டர் கொண்ட கார்டுகளில், கனெக்டரிலிருந்து 35 மிமீ தூரம் வரை கேபிளை வளைக்கக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. நெருக்கமான இடத்தில் வளைத்துத் திணித்தால் பின்கள் முழுதாக உட்காராமல் சூடாகி உருகும் ஆபத்து உண்டு. ஆகவே பக்கவாட்டுத் தகடு எங்கே வர வேண்டும் என்பதைக் கார்டின் அகலம் மட்டும் முடிவு செய்வதில்லை. கார்டின் அகலத்தோடு கனெக்டரையும் இந்த 35 மிமீயையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மாற்ற முடியாத அளவுகள்

கேஸின் வெளித்தோற்றம் முழுக்க உங்கள் கையில். ஆனால் உள்ளே சில அளவுகளில் விளையாட முடியாது. மதர்போர்டின் அளவையும் துளைகளின் இடத்தையும் வகுக்கும் ஏடிஎக்ஸ் தரத்தை இன்டெல் 1995இல் கொண்டுவந்தது. அந்த மதர்போர்டு 305 × 244 மிமீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244. வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170 × 170. சிறிய கேஸ் வரைபவர்களில் பெரும்பாலானோர் வந்து நிற்பது இந்த மூன்றாவதில்தான்.

மினி ஐடிஎக்ஸ் போர்டில் திருகுத் துளைகள் நான்கே நான்கு. போர்டு சதுரம் என்பதால் துளைகளும் ஒழுங்கான செவ்வகமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். போர்ட்டுகள் இருக்கும் பின்பக்கத்தில் உள்ள இரண்டு துளைகளில் ஒன்று, மற்றதைவிட 22.86 மிமீ உள்ளே தள்ளியிருக்கும். இந்தத் தரங்களுக்கான அதிகாரப்பூர்வ வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. படத்தைப் பார்த்து ஊகிக்காமல் அதிலிருந்தே எண்களை எடுங்கள்.

போர்ட்டுகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகடான ஐஓ ஷீல்டுக்கான திறப்பு 158.75 × 44.45 மிமீ. கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றைச் செருகும் எக்ஸ்பான்ஷன் ஸ்லாட்டுகளுக்கு இடையேயான தூரம் 20.32 மிமீ. இந்த விசித்திரமான தசமங்கள் வருவதற்குக் காரணம், மூல அளவுகள் அங்குலத்தில் எழுதப்பட்டவை. 20.32 என்பது 0.8 அங்குலம். இதை 20 என்று முழுமையாக்கினால் ஒரு ஸ்லாட்டில் தெரியாது. மூன்றாவது ஸ்லாட்டுக்குப் போகும்போது கார்டின் பட்டை உட்காராது.

பவர் சப்ளையில் ஏடிஎக்ஸ் வகையின் முகப்பு 150 × 86 மிமீ. ஆழம் மாடலுக்கு மாடல் மாறும். சிறிய வகையான எஸ்எஃப்எக்ஸ் 125 × 63.5 × 100 மிமீ. எஸ்எஃப்எக்ஸ் எல் வகை மற்ற அளவுகளில் அதேதான், ஆழம் மட்டும் 130. ஃபேனைப் பொறுத்தவரை 120 மிமீ ஃபேனின் திருகுத் துளைகளுக்கு இடையே 105 மிமீ, 140 மிமீ ஃபேனுக்கு 124.5, 92 மிமீ ஃபேனுக்கு 82.5. சாதாரண ஃபேனின் தடிமன் 25 மிமீ.

பின்பக்கத் தகட்டைத் துல்லியமாக வரைந்து செய்வதுதான் முழு வேலையிலும் கடினமான பகுதி. முதல்முறை செய்பவர்களுக்கு நான் மனமாரச் சொல்லும் வழி ஒன்று உண்டு. உடைந்த பழைய கேஸ் ஒன்றை வாங்கி, மதர்போர்டு பொருத்தும் தட்டையும் பின்பக்கத்தையும் சேர்த்து அப்படியே வெட்டி எடுத்து, உங்கள் புதிய சட்டத்தில் ரிவெட் அடித்துவிடுங்கள். சிக்கலான அளவுகள் அனைத்தும் தொழிற்சாலைத் துல்லியத்தில் கிடைத்துவிடும். உங்கள் உழைப்பு முழுவதையும் வெளிவடிவத்தில் போடலாம்.

இரும்புக்கு முன்னால் அட்டை

வரைபடம் முடிந்ததும் பட்டறைக்கு ஓடாதீர்கள். ஒவ்வொரு தகட்டையும் ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்சிடுங்கள். அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு நீக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் படம் சில சதவீதம் சுருங்கிவிடும். வரைபடத்தின் ஓரத்தில் 100 மிமீ கோடு ஒன்றை வரைந்து வைத்து, அச்சிட்ட பிறகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிறகு காகிதத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டி, மடித்து, டேப் ஒட்டி முழு கேஸையும் நிறுத்துங்கள்.

இந்த அட்டைக் கேஸுக்குள் உண்மையான பாகங்களை வையுங்கள். கேபிளைச் செருகுங்கள். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு திருகையும் திருகுவதுபோல நீட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் இந்த ஒன்று தெரியவே தெரியாது: திருகு இருக்கும், அதை அடையக் கை போகாது. பவர் சப்ளையைப் பொருத்திய பிறகு மதர்போர்டின் மேல்மூலைத் திருகை எட்ட முடியவில்லை என்றால், பாகங்களைப் பொருத்தும் வரிசையை மாற்ற வேண்டும், அல்லது ஒரு தகட்டைக் கழற்றக்கூடியதாக ஆக்க வேண்டும். எனக்கு இந்த ஒரு நாள் வேலை இரண்டு முறை முழுத் தகட்டையும் காப்பாற்றியிருக்கிறது. லேசர் வசதி இருந்தால் 3 மிமீ எம்டிஎஃப் பலகையில் வெட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. அது எடையைத் தாங்கும் என்பதால் ஓரிரு நாள் உண்மையாகவே இயக்கி வெப்பநிலையையும் பார்த்துவிடலாம்.

எந்தத் தகடு

கடைகளில் விற்கும் கேஸ்களில் பெரும்பாலானவை துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டில் செய்யப்பட்டவை, பெரும்பாலும் ஒரு மிமீக்கும் குறைவான தடிமன். அவ்வளவு மெல்லிய தகடு விறைப்பாக நிற்பதற்குக் காரணம், அச்சு வைத்து அழுத்திய மேடுபள்ளங்கள். ஒரே ஒரு கேஸுக்காக யாரும் அச்சு செய்ய மாட்டார்கள். ஆகவே நாம் தடிமனைக் கூட்ட வேண்டும். எஃகு என்றால் 1.2 மிமீ, அலுமினியம் என்றால் 1.5 அல்லது 2 மிமீ என்பது என் தேர்வு.

எடையைக் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டர் 1.2 மிமீ எஃகு சுமார் 9.4 கிலோ. அதே பரப்பில் 2 மிமீ அலுமினியம் 5.4 கிலோ. மேசைமேல் வைத்து அடிக்கடி நகர்த்தும் சிறிய கேஸுக்கு அலுமினியம் சுகம். ஆனால் அலுமினியம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. 5052 என்ற ரகம் நன்றாக மடியும். 6061 டி6 உறுதியானது, மெஷினில் கடைவதற்கு அருமையானது, ஆனால் கூர்மையாக மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கத்தில் விரிசல் விடும். எது வேண்டும் என்று எண்ணோடு எழுதுங்கள்.

துத்தநாகம் பூசிய தகட்டில் வெல்டிங் வேண்டாம். பற்ற வைக்கும்போது எழும் துத்தநாகப் புகை, வேலை செய்பவரின் உடலுக்குக் கெடுதி. வெல்டிங் தேவைப்படும் வடிவம் என்றால் பூச்சில்லாத எஃகுத் தகட்டைச் சொல்லுங்கள்.

பக்கவாட்டில் கண்ணாடி வைக்க ஆசை இருந்தால் ஒரு விஷயம். டெம்பர்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, தூளாகிவிடும். துளை, மூலை உருட்டல் எல்லாம் பதப்படுத்துவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அக்ரிலிக் எளிது, ஆனால் லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரத்தை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். நுண்ணிய வெடிப்புகள் கிளம்பும். சோப்புத் தண்ணீர் போதும். 3டி பிரிண்ட் செய்த பாகங்களைக் கால்களுக்கும் கேபிள் பிடிப்புகளுக்கும் பயன்படுத்தலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும் என்பதால் கிராஃபிக்ஸ் கார்டின் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

மடிப்பு: பெரும்பாலான தவறுகள் பிறக்கும் இடம்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். 100 மிமீ ஒரு பக்கமும் 50 மிமீ இன்னொரு பக்கமுமாக எல் வடிவத் தகடு ஒன்று வேண்டும். எவ்வளவு நீளத்துக்கு வெட்ட வேண்டும்? 150 என்று சொல்லத் தோன்றும். அப்படி வெட்டினால் மடித்த பிறகு ஏதாவது ஒரு பக்கம் கூடுதலாக நிற்கும்.

தகடு மடியும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும். நடுவில் எங்கேயோ நீளாமலும் சுருங்காமலும் ஒரு படலம் இருக்கும். அது தகட்டின் தடிமனில் எந்தப் பங்கில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் கே ஃபேக்டர். பொதுவாக 0.33க்கும் 0.5க்கும் இடையில் வரும். 1.5 மிமீ தகடு, உள்வளைவு ஆரம் 1.5 மிமீ, கே ஃபேக்டர் 0.42 என்று வைத்துக்கொள்வோம். 90 டிகிரி வளைவில் அந்தப் படலத்தின் நீளம் 1.5708 × (1.5 + 0.42 × 1.5), அதாவது சுமார் 3.35 மிமீ. வளைவு தொடங்கும் முன் நேராக இருக்கும் பகுதிகள் 97, 47. மூன்றையும் கூட்டினால் 147.35. 150க்கும் இதற்கும் வித்தியாசம் 2.65 மிமீ, அதுவும் ஒரே ஒரு மடிப்பில். நான்கு மடிப்புள்ள தகட்டில் இதைக் கவனிக்காமல் விட்டால் பிழை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும்.

ஃபியூஷன், ஃப்ரீகேட் போன்ற மென்பொருள்களில் ஷீட் மெட்டல் பகுதி இந்தக் கணக்கைத் தானே போட்டுத் தட்டை வடிவத்தை விரித்துக் கொடுக்கும். ஆனால் ஆரமும் கே ஃபேக்டரும் நீங்கள் கொடுக்க வேண்டியவை. அவை உங்கள் விருப்பமும் அல்ல, அந்தப் பட்டறையின் டூலைப் பொறுத்தவை. தகட்டை மடிக்கும் மெஷினான பிரஸ் பிரேக்கில் கீழே இருக்கும் வி வடிவ அச்சின் வாய் அகலம், வழக்கமாகத் தகட்டுத் தடிமனைப்போல எட்டு மடங்கு. 1.5 மிமீக்கு 12 மிமீ வாய். எஃகில் கிடைக்கும் உள்வளைவு அந்த வாயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, அதாவது 2 மிமீ. நீங்கள் திரையில் 0.5 மிமீ என்று போட்டிருந்தாலும் தகடு 2 மிமீயில்தான் வளையும். அதனால் வரைந்து முடிப்பதற்கு முன்பே பட்டறையில் கேளுங்கள்: இந்தத் தகட்டுக்கு உங்களிடம் என்ன ஆரம் வரும், ஒரு மடிப்புக்கு எவ்வளவு கழிப்பீர்கள்? பல ஆண்டுகளாக அந்த மெஷினில் நிற்பவர் இதற்குக் காகிதம் பார்க்காமலே பதில் சொல்வார். அந்த எண்ணை மென்பொருளில் போடுங்கள்.

வி வாய் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. மடிக்கும் விளிம்பு மிகக் குட்டையாக இருந்தால் அது அச்சின் வாய்க்குள் விழுந்துவிடும், மடியாது. 12 மிமீ வாய்க்குக் குறைந்தது 8.5 மிமீ விளிம்பு வேண்டும். நான் எப்போதும் 10 வைக்கிறேன். மடிப்புக்கோட்டுக்கு மிக அருகில் துளை வைத்தால் அது இழுபட்டு முட்டை வடிவமாகிவிடும். துளையின் ஓரம் மடிப்பிலிருந்து தடிமனைப்போல இரண்டு மடங்கும் ஆரமும் சேர்ந்த தூரத்துக்கு அப்பால் இருக்கட்டும். மூலையில் இரண்டு மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் சிறிய வெட்டு ஒன்று விட வேண்டும், இல்லையென்றால் தகடு கிழியும்.

மடிக்கும் வரிசையையும் மனதில் ஓட்டிப் பாருங்கள். யு வடிவத்தில் அடிப்பாகம் குறுகலாகவும் இரு பக்கங்களும் உயரமாகவும் இருந்தால், இரண்டாவது மடிப்பு எழும்போது முதல் பக்கம், மேலிருந்து தகட்டை அழுத்தும் பஞ்ச் என்ற கருவியில் போய் முட்டும். கழுத்து வளைந்த பஞ்ச் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். நான்கு பக்கமும் மூடிய ஆழமான பெட்டியை ஒரே தகட்டில் மடிக்க நினைப்பதைவிட, இரண்டு யு தகடுகளாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று பொருந்துமாறு செய்வது எல்லாருக்கும் நிம்மதி.

காற்று போகும் துளைகள்

துளைகளைப் பார்வைக்கு அழகாக மட்டும் அடுக்கிவிட்டு, உள்ளே வெப்பம் தேங்குவதைப் பிறகு கண்டுபிடிப்பது வருத்தமான விஷயம். தகட்டில் எவ்வளவு பங்கு உண்மையில் திறந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடுங்கள். 3 மிமீ வட்டத் துளைகளை 4 மிமீ இடைவெளியில் மாற்றி மாற்றி அடுக்கினால் திறப்பு 51 சதவீதம். 5 மிமீ அறுகோணத் துளைகளை இடையில் 1 மிமீ மட்டும் விட்டு அடுக்கினால் 69 சதவீதம். தேன்கூடு வடிவத்தை இவ்வளவு பேர் விரும்பக் காரணம் அழகு மட்டுமல்ல.

ஆனால் லேசர் வேலைக்கான கூலி பெரும்பாலும் வெட்டும் நீளத்தையும் எத்தனை முறை புதிதாகத் துளைக்கிறது என்பதையும் பொறுத்தது. மேலே சொன்ன அறுகோண அடுக்கில் 120 மிமீ வட்டத்தை நிரப்ப ஏறக்குறைய 360 துளைகள் தேவைப்படும். மூன்று ஃபேன் என்றால் ஆயிரத்துக்கு மேல். வெப்பத்தில் மெல்லிய தகடு நெளியவும் கூடும். நீளமான பட்டை வடிவத் திறப்புகள் குறைந்த வெட்டில் அதிகக் காற்றைத் தரும். அல்லது பெரிய வட்டத்தை மட்டும் வெட்டிவிட்டு, தயாராகக் கிடைக்கும் கம்பி வலையைத் திருகி வைக்கலாம். ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் தகடு மிக நெருக்கமாக இருந்தால் சத்தம் கூடும். சில மிமீ இடைவெளி விட்டாலே வித்தியாசம் கேட்கும்.

திருகும் மரையும்

கம்ப்யூட்டர் உலகில் இரண்டு மரைகள் கலந்து கிடக்கின்றன. 2.5 அங்குல எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு எம்3. பவர் சப்ளை, ஸ்லாட் பட்டை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 6-32 என்ற அங்குல மரை. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று 3 மிமீ, மற்றது 3.5 மிமீ. எந்தத் துளைக்கு எது என்று வரைபடத்தில் ஒவ்வொன்றிலும் எழுதுங்கள்.

1.5 மிமீ தகட்டில் எம்3 மரை போட்டால் மொத்தம் மூன்று சுற்றுகள்தான் கிடைக்கும். அலுமினியத்தில் நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் அது போய்விடும். அடிக்கடி திறக்கும் இடங்களில் தகட்டில் அழுத்திப் பதிக்கும் நட்டுகளையோ ரிவெட் நட்டுகளையோ பயன்படுத்துங்கள். இவற்றுக்கான துளை அளவு ஒவ்வொரு தயாரிப்பாளரின் அட்டவணையிலும் துல்லியமாகக் கொடுக்கப்பட்டிருக்கும். எஃகு நட்டுகளை அலுமினியத்தில் பதிப்பதாக இருந்தால், அனோடைசிங் (அலுமினியத்தின்மேல் மின்சாரத்தால் ஆக்சைடு படலம் ஏற்றும் வேலை) முடிந்த பிறகே பதிக்க வேண்டும். முன்பே பதித்தால் அனோடைசிங் தொட்டியில் எஃகு அரிக்கப்பட்டுவிடும்.

மதர்போர்டு தாங்கும் ஸ்டாண்டாஃப்களுக்குக் குறைந்தது 6.35 மிமீ உயரம் வையுங்கள். போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சால்டர் முனைகள் தகட்டில் படக் கூடாது. இந்த உயரத்தையும் போர்டின் தடிமனான 1.57 மிமீயையும் சேர்த்துத்தான் ஐஓ திறப்பின் இடத்தைக் கணக்கிட வேண்டும். உயரத்தை மாற்றினால் பின்பக்கத் திறப்பும் நகரும் என்பதை மறந்துவிடுபவர்கள் பலர்.

பவர் பட்டனுக்கு 16 அல்லது 19 மிமீ உலோக ஸ்விட்சுகள் எளிதில் கிடைக்கும். அழுத்தி விட்டால் திரும்பி வரும் வகைதான் வேண்டும். அழுத்தினால் அப்படியே நிற்கும் வகையைப் பொருத்தினால், சில விநாடிகள் பட்டனை அழுத்திப் பிடித்ததாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு அணைந்துவிடும்.

பட்டறைக்கு என்ன அனுப்புவது

ஒவ்வொரு தகட்டுக்கும் மூன்று கோப்புகள். வெட்டுவதற்குத் தட்டை வடிவில் டிஎக்ஸ்எஃப். மடித்த பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஸ்டெப் கோப்பு. மனிதர்கள் படிப்பதற்கு அளவுகள் குறித்த பிடிஎஃப். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் மடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டப்படுவது அதுதான்.

டிஎக்ஸ்எஃப் கோப்பு அங்குலமா மில்லிமீட்டரா என்ற தகவலைப் பல நேரங்களில் ஒழுங்காகச் சுமந்து செல்வதில்லை. திறக்கும் மென்பொருள் தவறாக எடுத்தால் தகடு 25.4 மடங்கு மாறிவிடும். அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும் என்றாலும், பிடிஎஃபில் மொத்த நீள அகலத்தை எழுதி வைத்தால் சந்தேகமே வராது. ஒரே கோட்டின்மேல் இன்னொரு கோடு படிந்திருந்தால் லேசர் இரண்டு முறை வெட்டும், சரிபார்த்து நீக்குங்கள். வளைவுகள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோடுகளாக உடைந்திருந்தாலும் வட்டம் கரடுமுரடாக வரும்.

தகட்டில் பெயர் வெட்டுவதாக இருந்தால் எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள். தமிழ் எழுத்துகளில் இன்னொரு கவனம் வேண்டும்: ‘க’, ‘த’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் பகுதி தனியாகக் கழன்று விழுந்துவிடும். அங்கே மெல்லிய பாலம் ஒன்று விட்டு வரைய வேண்டும்.

பிடிஎஃபில் நான் தவறாமல் எழுதுபவை: உலோகத்தின் ரகமும் தடிமனும், மடிப்பின் திசையும் கோணமும், எது வெளியே தெரியும் பக்கம், எந்த அளவுகளில் துல்லியம் முக்கியம். எல்லா அளவுக்கும் 0.1 மிமீ துல்லியம் கேட்டால் வேலை செய்பவர் சலித்துப்போவார், கூலியும் ஏறும். பொது அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768 என்ற சர்வதேசத் தரத்தின் நடுத்தர வகுப்பு போதும். அதில் 30 முதல் 120 மிமீ வரையிலான அளவுக்கு 0.3 மிமீயும், 120 முதல் 400 வரை 0.5 மிமீயும் கூடவோ குறையவோ அனுமதி. ஸ்டாண்டாஃப் துளைகள், ஐஓ திறப்பு, ஸ்லாட் திறப்பு ஆகிய மூன்றை மட்டும் வட்டமிட்டு இன்னும் நெருக்கமாகக் கேளுங்கள்.

பெயிண்ட் அடிக்கப்போகும் எஃகு என்றால் நைட்ரஜனில் வெட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜனில் வெட்டிய ஓரத்தில் ஆக்சைடு படலம் நிற்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் பிறகு ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும்.

பட்டறையில் பேசுவது

முடிந்தால் நேரில் போங்கள், கையில் மதர்போர்டையோ அதன் அட்டை மாதிரியையோ எடுத்துக்கொண்டு. இரண்டாவது முறை நான் போனபோது மடிக்கும் மெஷினில் இருந்த பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, இந்த மடிப்பு என்னைப் பார்த்து வருதா, அந்தாண்ட போகுதா?” அட்டை மாதிரியைக் கையில் கொடுத்தேன். அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, சாக்பீஸால் தகட்டின் உள்பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என் எல்லா வரைபடங்களிலும் உள்பக்கத்தில் ஒரு சிறிய பெருக்கல் குறி இருக்கும், கூடவே ‘குறி உள்ளே’ என்ற இரண்டு சொற்களும்.

ஒற்றை வேலையை எடுப்பார்களா என்று முதலிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள். பெரிய ஆர்டர் எடுக்கும் இடங்களில் மெஷினைத் தயார் செய்யும் நேரமே அவர்களுக்குக் கட்டாது. வெட்டுவதும் மடிப்பதும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வெவ்வேறு இடங்களில் செய்தால் மடிப்புக்குக் கழிக்கும் கணக்கில் பிசகு வரும், அப்போது யாரையும் கேட்க முடியாது. ஆன்லைனில் கோப்பை ஏற்றிச் செய்து வாங்கும் சேவைகளும் நன்றாகவே இருக்கின்றன. அங்கே மனிதர் யாரும் கேள்வி கேட்க மாட்டார் என்பதால் அவர்களின் ஆரம், குறைந்தபட்ச விளிம்பு அட்டவணையை வரி விடாமல் படித்துவிடுங்கள்.

இடம் முடிவானதும் முழு கேஸையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாமல், பின்பக்கத் தகட்டையும் மதர்போர்டு தட்டையும் மட்டும் முதலில் செய்து வாங்குங்கள். பெயிண்ட் வேண்டாம். அவை பொருந்தினால் மீதியைக் கொடுங்கள்.

பூச்சும் எர்த்தும்

பெயிண்ட் பொடியைத் தூவி அடுப்பில் உருக்கி ஏற்றும் பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 100 மைக்ரான் தடிமன் சேர்க்கும். குறைவு என்று தோன்றலாம். ஒரு மூடி, சட்டத்தின்மேல் வழுக்கிக்கொண்டு உட்காருகிறது என்று வையுங்கள். மூடியின் உள்பக்கம் இரண்டு, சட்டத்தின் வெளிப்பக்கம் இரண்டு, ஆக நான்கு பரப்புகள். மொத்தம் 0.24 முதல் 0.4 மிமீ வரை போய்விடும். வெறும் தகட்டில் இறுக்கமாகப் பொருந்திய மூடி, பெயிண்டுக்குப் பிறகு ஏறவே ஏறாது. குறைந்தது 0.6 மிமீ மொத்த இடைவெளி விடுங்கள். துளைகளையும் 0.2 மிமீ பெரிதாக வரையுங்கள். மரையுள்ள துளைகளுக்குச் சிலிகோன் அடைப்பு வைக்கச் சொல்லுங்கள். சுமார் 180 முதல் 200 டிகிரி அடுப்பில் பவுடர் உருகி இறுகிய பிறகு மரையைச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

இதைவிட முக்கியமானது எர்த். பவுடர் கோட்டிங், அனோடைசிங் இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாது. பவர் சப்ளையின் உலோகக் கூடு கேஸைத் தொடும் இடத்திலும் ஸ்டாண்டாஃப்கள் உட்காரும் இடத்திலும் தகடுகள் ஒன்றோடொன்று இணையும் இடங்களில் குறைந்தது ஒரு புள்ளியிலும் உலோகம் வெறுமையாக இருக்க வேண்டும். எங்கே பெயிண்ட் படக் கூடாது என்பதைப் பிடிஎஃபில் நிழலிட்டுக் காட்டுங்கள். மரத்திலோ அக்ரிலிக்கிலோ கேஸ் செய்பவர்கள், உள்ளே இருக்கும் ஒவ்வொரு உலோகத் துண்டையும் வயர் போட்டுப் பவர் சப்ளையின் கூட்டோடு இணைக்க வேண்டும்.

கைக்கு வந்த பிறகு

முதலில் ஓரங்களை விரலால் அல்ல, துணியால் தடவிப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. மெல்லிய அரத்தால் தேய்த்து எடுங்கள். துளையிடும் வேலை பாக்கி இருந்தால் பாகங்களை உள்ளே வைப்பதற்கு முன் முடித்து, தூசியை முழுவதும் ஊதிவிடுங்கள். மதர்போர்டுக்கு அடியில் நுழைந்த ஒரு அலுமினியச் சீவல் போதும், போர்டு எரிந்துபோக.

பாகங்கள் இல்லாமல் தகடுகளை மட்டும் சேர்த்து, எல்லாத் திருகுகளையும் பாதி வரை மாட்டி, மூலைமட்டத்தால் கோணம் பார்த்து, பிறகு இறுக்குங்கள். முதல் திருகையே முழுதாக இறுக்கினால் எதிர்மூலை ஒரு மிமீ விலகி நிற்கும். அடுத்து மதர்போர்டு, பவர் சப்ளை. பிளக்கைச் சுவரில் செருகும் முன் மல்டிமீட்டரை எடுத்து, பவர் கேபிளின் எர்த் முனைக்கும் கேஸின் ஒவ்வொரு உலோகத் தகட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாத தகட்டில், திருகு உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பல்வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கி மறுபடி அளந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. வெர்னியரை எடுத்து, மடித்த பக்கங்கள் ஒவ்வொன்றையும் அளந்து, வரைபடத்தில் போட்ட எண்ணுக்குப் பக்கத்திலேயே உண்மையில் வந்த எண்ணை எழுதி வையுங்கள். 50 என்று கேட்ட இடத்தில் 50.3 வந்திருந்தால், அந்தத் தகட்டுக்கு அந்த மெஷினில் உங்கள் கே ஃபேக்டர் சற்றுத் தள்ளியிருக்கிறது. மென்பொருளில் அதைத் திருத்தி, கோப்புக்குப் புதிய எண் கொடுத்து, பழையதைத் தனி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.